உடையார்கட்டில் நிப்பாட்டாத மோட்டார் சைக்கிள்

வவுனியாவிலிருந்து உடையார்கட்டுக்கு மோட்டார் சைக்கிளில் போகலாமா, பாதை எப்படி என்று இந்த வாசகர் பக்கத்தில் இரண்டு மூன்று பேர் கேட்டிருந்தீர்கள். போகலாம். போன மாதம், 2004 ஆடியில், நானே போய்வந்தேன். எனக்கு வயது அறுபத்து மூன்று, என் மோட்டார் சைக்கிளுக்கு இருபத்தாறு. இரண்டு பேரும் கழன்று விழாமல் திரும்பி வந்துவிட்டோம். அதையே முதல் தகவலாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஊர் பார்க்கப் போகவில்லை. முல்லைத்தீவுப் பக்கம் பஸ் ஓட்டும் தெரிந்த சாரதி ஒருவர் என் படலையடியில் பஸ்ஸை நிறுத்தி, பயணிகள் எல்லாம் எட்டிப் பார்க்க, என் தங்கை புஷ்பம் சொல்லிவிட்ட செய்தியைச் சொன்னார். அவள் கணவன் இரத்தினம் பைக்கை விற்கப் போகிறாராம், என்னை உடனே வரட்டாம்.  அந்த வீட்டில் எதை வேண்டுமானாலும் விற்கட்டும், அதை மட்டும் விற்கக்கூடாது.

ஏனென்றால் அவர்களுடைய ஒரே மகள் முல்லைத்தீவில் கல்யாணம் செய்து இருக்கிறாள். இரண்டு மாதத்துக்கு முன்னர்தான் குழந்தை பிறந்தது. உடையார்கட்டிலிருந்து அங்கே முப்பது கிலோமீற்றர் வரும். பஸ்ஸில் போவதென்றால் புதுக்குடியிருப்பில் இறங்கி அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருக்க வேண்டும், அன்றைக்கே திரும்பி வர முடியும் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆடு, மாடு, நெல் வயல் என்று இருக்கிற இரண்டு பேர் இரவு தங்கி வர முடியுமா? பைக் போனால் பேரப்பிள்ளையை வருசத்துக்கு இரண்டு தரம் பார்க்கலாம், அவ்வளவுதான்.

புறப்படுவதற்கு முதல்நாள் பின்னேரம் என் பைக்கைக் கழுவினேன். பைக் கழுவுவது அழகுக்கு என்று நினைக்கிற ஆட்களோடு எனக்குக் கதையில்லை. கழுவும்போதுதான் கை எல்லா நட்டிலும் படும், எது இளகியிருக்கிறது என்று விரலுக்குத் தெரியும். நாற்பது வருசம் திணைக்கள வாகனம் ஓட்டிய எனக்குப் புத்தகம் சொல்லித்தந்ததைவிடக் கழுவுகிற துணி சொல்லித்தந்ததுதான் கூட. செயினுக்கு ஒயில் விட்டேன். மேலதிகமாக ஒரு பிளக், ஒரு ரியூப், கிளச் வயர், காற்றடிக்கும் பம்ப் எல்லாம் பையில் போட்டேன். இரத்தினத்தின் பைக்கும் என்னுடைய பைக்கும் ஒரே வகை. ஆகவே பழைய சாமான் கடையில் தேடி குளிர்ந்த எஞ்சினை எடுக்க உதவும் காபரேற்றர் சோக் தகடு ஒன்றும், எஞ்சின் தலைக்கு வைக்கிற கஸ்கெட்டும் வாங்கிக்கொண்டேன். அவருடைய பைக்கில் சோக் இல்லை என்பது எனக்கு முன்பே தெரியும். ஏன் இல்லை என்பதைப் பிறகு சொல்கிறேன்.

காலை ஆறரைக்கு வெளிக்கிட்டேன். ஓமந்தை பதினைந்து கிலோமீற்றர் அளவில் வரும். இராணுவச் சோதனைச் சாவடியில் பையை முழுதாகக் கொட்டிக் காட்ட வேண்டும், அந்தப் பக்கத்துப் புலிகளின் சாவடியில் மறுபடியும் கொட்ட வேண்டும். உதிரிப்பாகம் கொண்டுபோகிறவர்கள் கடைப் பற்றுச்சீட்டைக் கையில் வைத்திருங்கள். எனக்கு இரண்டு இடத்திலும் சேர்த்து ஒன்றரை மணித்தியாலம் போனது. ஒரு பெடியன் கஸ்கெட்டைத் தூக்கிப் பிடித்து இது என்ன என்று கேட்டான். எஞ்சினுக்குள் போடுகிற சாமான் என்றேன். எவ்வளவு தெரிந்துகொண்டானோ, சிரித்துக்கொண்டு தந்துவிட்டான்.

மாங்குளத்தில் தேநீரும் இரண்டு வடையும், இருபத்தைந்து ரூபாய். அங்கிருந்து ஒட்டுசுட்டான் வழியாகப் போனால் தூரம் குறைவு என்பார்கள். பாதை குண்டும் குழியும், ரயருக்கு நல்லதல்ல. நான் நேரே கிளிநொச்சி போய் மத்தியானம் மீன்குழம்பும் சோறும் சாப்பிட்டு, பரந்தனில் வலது பக்கம் திரும்பினேன். வேகமாக ஓடாதீர்கள். அந்தப் பக்கத்துப் போக்குவரத்துப் பொலிசார் மரத்தடியில் நிற்பார்கள், தலைக்கவசம் இல்லாவிட்டால் விடவே மாட்டார்கள். இன்னொன்று, இதைக் கட்டாயம் கேளுங்கள். சிவப்புப் பலகை போட்ட இடங்களில் மிதிவெடி இருக்கிறது. பைக் நின்றுபோனால் நிழல் தேடி ஓரத்துக்குத் தள்ளாதீர்கள், நடு றோட்டில் வெயிலில் நின்றே திருத்துங்கள்.

விசுவமடு தாண்டினால் செம்மண் புழுதி. உடையார்கட்டுக்குப் போய்ச் சேர மூன்று மணி ஆகிவிட்டது. தங்கை வீட்டு முற்றத்தில் மாமரத்துக்குக் கீழே இரத்தினத்தின் பைக் தனியே நின்று டுக்கு டுக்கு என்று ஓடிக்கொண்டிருந்தது. ஆள் உள்ளே கதிரையில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கிறார். பத்து நிமிசத்தில் வயலுக்குத் திரும்பிப் போகவேண்டுமாம், அதனால் நிப்பாட்டவில்லையாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெற்றோல் என்ன கிணற்றுத் தண்ணியா?

வன்னியைத் தெரியாதவர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். போர்நிறுத்தம் வந்து பாதை திறப்பதற்கு முன் இங்கே பெற்றோல் வர விடவில்லை. மோட்டார் சைக்கிள் எல்லாம் மண்ணெண்ணெயில்தான் ஓடின. மண்ணெண்ணெய் எஞ்சினை ஓட்டும், ஆனால் ஸ்ராட் எடுக்காது. அதற்காகக் கண்ணுக்கு விடுகிற மருந்துப் போத்தலில் கொஞ்சம் பெற்றோலைப் பொக்கிசம்போல் வைத்திருப்பார்கள். ஒருவர் காபரேற்றர் வாய்க்குள் நாலு சொட்டு விட, மற்றவர் உதைக்க வேண்டும். சொட்டு விடுவதற்கு வசதியாகச் சோக் தகட்டைக் கழற்றி எறிந்துவிட்டார்கள். மண்ணெண்ணெய்க்கு எஞ்சின் இடிக்காமல் இருக்க அதன் தலைப்பகுதிக்குக் கீழே மேலதிகமாக ஒரு தகடும் போட்டு அமுக்கத்தைக் குறைத்தார்கள். இவ்வளவு பாடுபட்டு எடுத்த எஞ்சினை யாராவது நிப்பாட்டுவார்களா? செத்தவீட்டு வாசலில் இருபது பைக் ஓடிக்கொண்டு நிற்கும், உள்ளே ஒப்பாரி கேட்காது. இரத்தினம் வீட்டில் சொட்டு விடுகிறவள் புஷ்பம். அந்தப் போத்தல் அவளுடைய கைப்பையில்தான் எப்போதும் இருந்தது.

பெற்றோல் வந்து இரண்டு வருசமாகிவிட்டது. இரத்தினம் மட்டும் இன்னும் நிப்பாட்டுவதில்லை. கேட்டால் பைக்கில் குற்றம் என்றார். மண்ணெண்ணெயில் நன்றாக ஓடியதாம், கஞ்சி குடித்துப் பழகிய வயிற்றுக்குப் புரியாணி கொடுத்த மாதிரிப் பெற்றோல் ஒத்துக்கொள்ளவில்லையாம், பதினைந்து தரம் உதைத்தால்தான் எடுக்கிறதாம். முல்லைத்தீவில் கடை வைத்திருக்கிற ஒரு முஸ்லிம் வியாபாரி, நானா என்போம், அவர் கேட்டாராம். தொண்ணூறில் ஊரைவிட்டுப் போன குடும்பம், இப்போது திரும்பி வந்து வியாபாரத்தைப் புதிதாகத் தொடங்கியிருக்கிறார், அவருக்கு ஓடித்திரிய ஒரு பைக் வேண்டும். சனிக்கிழமை கொண்டுவந்து தருவதாக இரத்தினம் வாய் கொடுத்துவிட்டார். வாய் கொடுத்தால் மாறுகிற ஆள் அல்ல அவர். அந்த ஒரு குணத்துக்காகத்தான் என் தங்கையைக் கட்டிக்கொடுத்தோம்.

சனிக்கு இன்னும் ஒரு நாள் இருந்தது. மறுநாள் விடிந்ததும் பைக்கைக் கழற்றினேன். பிளக் கரி பிடித்துக் கிடந்தது. காபரேற்றரைக் கழுவி, நான் கொண்டுபோன சோக் தகட்டைப் பூட்டினேன். எஞ்சின் தலையைத் திறந்தால் அந்த மண்ணெண்ணெய்த் தகடு அப்படியே இருக்கிறது. பெற்றோல் காலத்தில் இது எதற்கு என்று கழற்றித் தூரப் போட்டேன். புதுக் கஸ்கெட் வைத்துப் பூட்டி உதைத்தேன். ஒரே உதை. எஞ்சின் புதுப் பைக் மாதிரிச் சத்தம் போட்டது. எனக்கு உச்சி குளிர்ந்துபோனது. நிப்பாட்டிவிட்டு இரத்தினத்தைக் கூப்பிட்டேன்.

"வாரும் மச்சான், இப்ப நீர் ஒருக்கா உதையும். இனிப் பதினைஞ்சு தரம் தேவையில்லை."

பிறகு பார்ப்போம் என்றார். நான் விடவில்லை. வந்து ஏறிக் காலை வைத்து அமுக்கினார். அமுக்கம் கூடிய எஞ்சின் அல்லவா, பாதி தூரம்கூடப் போகவில்லை. இரண்டாம் தரம் எழும்பி முழுப் பாரத்தையும் போட்டார். முழங்கால் மடிந்து பைக்கோடு சரிந்தார். நான் ஒரு கையால் பைக்கையும் மறு கையால் அவரையும் பிடித்திருக்காவிட்டால் இரண்டும் நிலத்தில்.

"பைக்கிலை ஒண்டுமில்லை மச்சான்," என்றார், என்னைப் பார்க்காமல். "கால்தான். ஒரு வருசமா ஏலாது."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. எஞ்சின் தளர்வாக இருந்தபடியால், வலிக்காமல் மெல்ல மெல்லப் பதினைந்து தரம் மிதித்துச் சமாளித்திருக்கிறார். அதுவும் காலையில் ஒரு தரம்தான், அதற்குப் பிறகு நிப்பாட்டாமலே நாளை ஓட்டியிருக்கிறார். காலைக் குற்றம் சொல்ல வெட்கப்பட்டுப் பாவம் அந்தப் பைக்கைக் குற்றம் சொல்லியிருக்கிறார். நான் வந்து அந்தச் சாக்குப்போக்கையும் கழற்றி எறிந்துவிட்டேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது, ஒயில் துணியால் முகத்தைத் துடைத்துக் கன்னம் எல்லாம் கரி.

புஷ்பம் குசினியிலிருந்து மாப்படிந்த கையோடு வந்தாள். அவளுக்கு எல்லாம் தெரியும் என்பது அவள் நின்ற விதத்திலேயே தெரிந்தது.

"நான் பைக்கைப் பாக்கவோ உங்களைக் கூப்பிட்டனான் அண்ணை? இவரைப் பாருங்கோ எண்டுதான் கூப்பிட்டனான். மகள் வீட்டை போனாலும் வாசல்லை பைக் ஓடும். நான் பிள்ளையைத் தூக்கி மடியிலை வைக்க முதலே எழும்பு, எழும்பு, பெற்றோல் எரியுது எண்டு நிப்பார். இவர் இன்னும் ஒருக்காக் கூட அந்தப் பிள்ளையைத் தூக்கேல்லை."

இரத்தினம் மாமரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவள் குனிந்து நான் எறிந்த தகட்டை மண்ணிலிருந்து எடுத்துச் சேலைத் தலைப்பால் துடைத்தாள். இதைத் திரும்பப் போடுங்கோ என்று நீட்டினாள். எஞ்சினைத் திறந்து திரும்ப மூடுவது சாதாரண வேலை அல்ல. இருந்தாலும் போட்டேன். அந்தத் தகட்டைப் போட்டால் எஞ்சினுக்கு இழுவை குறையும், பெற்றோல் கொஞ்சம் கூடக் குடிக்கும். குடிக்கட்டும். எந்தப் புத்தகத்துக்காகவும் ஒரு மனிசனின் முழங்காலை உடைக்க முடியாது.

பூட்டி முடிந்ததும் அவள் உள்ளே போய்க் கைப்பையோடு வந்தாள். அந்தக் கண்மருந்துப் போத்தல் துணியில் சுற்றியபடி இன்னும் உள்ளே இருந்தது, இரண்டு வருசமாகத் தேவைப்படாத போத்தல். அதில் புதுப் பெற்றோல் பிடித்து, சோக் தகட்டைத் திறந்து, காபரேற்றர் வாய்க்குள் நாலு சொட்டு விட்டாள். இரத்தினம் காலைத் தூக்கப் போனார். அவள் அவரைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு தானே மிதித்தாள். தளர்ந்த எஞ்சின், சுத்தமான காபரேற்றர், நாலு சொட்டு. இரண்டாம் மிதியில் எடுத்தது. "இவ்வளவு நாளும் இது தெரியாமப் போச்சே" என்று இரத்தினம் சொன்னார்.

ஆனாலும் வாய் கொடுத்தது கொடுத்ததுதான். சனிக்கிழமை காலை அவர்கள் இருவரும் தங்கள் பைக்கிலும் நான் என்னுடையதிலுமாக முல்லைத்தீவுக்குப் போனோம். புதுக்குடியிருப்பு வரை பாதை பரவாயில்லை, பிறகு மணலும் பள்ளமும்.  நானாவின் கடை வாசலில் போய் நின்று, இரத்தினம் சாவியைத் திருப்பி எஞ்சினை நிப்பாட்டினார். சாவியை எடுத்து நீட்டினார். அந்தச் சத்தம் நின்றது எனக்கு என்னவோ செய்தது.

நானா ஐம்பது வயதிருக்கும், அமைதியான மனிசன். சாவியை உடனே வாங்கவில்லை. ஒருக்கா எடுத்துக் காட்டுங்கோ, ஓடுற பைக்கைத்தானே நான் கேட்டனான் என்றார். இரத்தினம் புஷ்பத்தைப் பார்த்தார். அவள் கைப்பையைத் திறந்து, துணியை அவிழ்த்து, நாலு சொட்டு விட்டு, கடைத்தெரு பார்க்க மிதித்தாள். எடுத்தது. இரத்தினம் ஹாண்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

நானா அவளையும் பார்த்தார், இரத்தினம் பாரத்தை எல்லாம் இடது காலில் போட்டு நின்றதையும் பார்த்தார். எல்லாம் விளங்கியிருக்க வேண்டும்.

"இதுக்கு ரெண்டு பேர் வேணும் இரத்தினண்ணை," என்றார். "நான் தனி ஆள். எனக்கு இது சரிவராது. நான் வேறை ஒண்டு பாக்கிறன்."

வாய் கொடுத்தனானே என்றார் இரத்தினம். நீங்கள் கொடுத்தனீங்கள், நான்தான் வேண்டாமெண்டனான், உங்களிலை ஒரு பிழையுமில்லை என்று சொல்லி, கடைக்குள்ளே திரும்பி எங்களுக்குத் தேத்தண்ணி ஊற்றச் சொன்னார். அவருடைய கடைப் பெயரை எழுத விருப்பம்தான், அவருக்குப் பிடிக்காது என்று விட்டுவிடுகிறேன்.

அதன் பிறகு மகள் வீடு. படலைக்குள் போனதும் இரத்தினம் பைக்கை நிப்பாட்டினார். மகள் ஓடிவந்து, என்னப்பா பழுதோ என்று கேட்டாள். அவர் காலைக் கழுவிக்கொண்டு போய்க் கதிரையில் இருந்து, கையை நீட்டினார். பிள்ளை அவர் மடியில் நித்திரையாகி, எழும்பி, பால் குடித்து, திரும்பவும் அவர் மடியில் நித்திரையானது. பின்னேரம் நாலு மணிக்கு நான்தான் போவோம் என்று அவரை எழுப்ப வேண்டியிருந்தது.

போகிறவர்களுக்கு: ஓமந்தையை மாலையில் மூடிவிடுவார்கள், மத்தியானத்துக்கு முன் தாண்டுங்கள். கிளிநொச்சியிலேயே பெற்றோல் தாங்கியை நிரப்பிக்கொள்ளுங்கள், உள்ளே போத்தலில் விற்கும் பெற்றோலை நம்ப முடியாது. புழுதியால் காற்று வடிகட்டியை ஒவ்வொரு நாளும் தட்டுங்கள். பழைய பைக் ஒன்றைத் திருத்தப் போனால், கழற்றுவதற்கு முன் அதை ஓட்டுகிறவரை ஒருக்கா நடக்கச் சொல்லிப் பாருங்கள். நான் பார்க்காமல் விட்டேன்.

நேற்று அதே பஸ் சாரதி மறுபடியும் படலையடியில் நிறுத்தினார். கடந்த இரண்டு ஞாயிறும் அவர்கள் முல்லைத்தீவுக்குப் போய் வந்தார்களாம். புஷ்பத்தின் போத்தல் மூடி வெடித்துவிட்டதாம். ஆகவே வாசகர்களே, யார் வீட்டிலாவது கண்மருந்து முடிந்தால் அந்த வெறும் போத்தலை எறியாதீர்கள். உடையார்கட்டுப் பக்கம் போகிறவர் யாரிடமாவது கொடுத்துவிடுங்கள்.