சுவருக்கு அந்தாண்ட

நான் காஞ்சிபுரத்தில் வீடு கட்டிக் கொடுப்பவள். மழையில் கட்டடச் சேறு தெருவுக்கு வரக்கூடாது என்பது மாநகராட்சி அனுமதியின் நிபந்தனை. அதற்காக, சேறு படிவதற்கான குழியைப் பக்கத்து வீட்டுச் சுவரோரம் தோண்டச் சொன்னார் அதிகாரி. நான் மறுத்தேன்.

"பிளான்ல அங்கதாம்மா இருக்குது."

"சுவருக்கு அந்தாண்ட என்ன இருக்குதுன்னு வந்து பாருங்க சார்."

சண்டைக்குத் தயாராகவே அழைத்துப் போனேன். அங்கே பக்கத்து வீட்டு கோமதி அக்கா, தறிக்குழிக்குள் கால்களை விட்டுப் பட்டு நெய்துகொண்டிருந்தார்.

"இந்தக் குழியில தண்ணி கசிஞ்சா நெய்ய முடியாது சார், தறியில கட்டின பாவு நூலும் கெட்டுடும்" என்றார்.

அக்கா எழுந்து வழிவிட, அதிகாரி செருப்பைக் கழற்றிவிட்டுத் தறிக்குழிக்குள் இறங்கினார். மண்சுவரைத் தடவிப் பார்த்தார். என் சேற்றுக் குழியை வாசல் பக்கம் மாற்ற அங்கேயே ஒப்புக்கொண்டார்.

அடுத்த பெருமழையில் அவரிடமிருந்து போன். தெருவில் சேறில்லை என்று பெருமையாகச் சொல்ல வாயெடுத்தேன்.

"அக்கா தறி நனையலையேம்மா?" என்று கேட்டார்.

இப்போதும் அதிகாரிகளோடு வாதாடுகிறேன். ஆனால், முறைத்துக்கொண்டு அல்ல.