ஆகு ஸ்டாப்

எங்கள் பகுதி பஸ் டிப்போவில் அப்போது மேலாளராக இருந்து, இப்போது அதைவிடப் பெரிய நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் அதிகாரி பொய் சொன்னார். போன மாதம் எங்கள் காலனி வாசலில் புதிய நிழற்குடையைத் திறந்துவைத்து, மாலை போட்ட கழுத்தோடு, மைக்கில் சொன்னார். ஒன்றல்ல, இரண்டு பொய். மக்கள் படும் பாட்டைப் பார்த்து, யாரும் கேட்காமலே தான் இந்த ஸ்டாப்பைக் கொடுத்தாராம். முன்பு இங்கே வெற்றிலைத் தோட்டம் இருந்ததால் 'ஆகு ஸ்டாப்' என்று பெயர் வந்ததாம். தெலுங்கில் ஆகு என்றால் இலை. வெற்றிலையையும் அப்படித்தான் சொல்வார்கள்.

வெற்றிலைக்குத் தண்ணீர் வேண்டும். எங்கள் காலனியில் லாரி வந்தால்தான் குடிக்கவே தண்ணீர். தோண்டினால் ஒரு முழத்தில் பாறை. இதில் எங்கே கொடி படர்ந்தது?

நடந்தது எழுபத்தெட்டில். செகந்திராபாத்தில் வாடகை கட்டுப்படியாகாமல் நாங்கள் மௌலா அலி பக்கம் குடிவந்தோம். ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட வீடுகள், சாக்கடை கிடையாது, மழை பெய்தால் தெருவும் கிடையாது. இடம் காட்டியவர், "பஸ் வாசல் வழியாகப் போகும்" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. வழியாகத்தான் போனது. நிற்கவில்லை.

முன் ஸ்டாப்பும் பின் ஸ்டாப்பும் இரண்டு இரண்டு கிலோமீட்டர். எங்கள் ஷிப்டுக்குத் தோதான ரயிலும் இல்லை. பெரிய தொழிற்சாலைகளின் ஸ்டாஃப் பஸ்கள் பாதி காலியாக எங்களைத் தாண்டிப் போகும். அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை, அது அவர்கள் பஸ். எங்கள் பஸ்ஸும் அப்படிப் போனதுதான் கோபம்.

எனக்கு சனத்நகரில் ஒரு இன்ஜினியரிங் கம்பெனியில் பேக்கிங் வேலை. மரப்பெட்டிகளில் ஸ்டென்சில் வைத்து ஊர்ப் பெயர் எழுதுவதும் நான்தான். ஏழு மணிக்குக் கார்டு பஞ்ச் செய்ய வேண்டும். செகந்திராபாத்தில் பஸ் மாற வேண்டும். அதனால் ஐந்து ஐம்பது பஸ்ஸை விட்டால் அன்றைக்கு லேட். இருட்டோடு கிளம்பி, செருப்பைக் கையில் பிடித்துச் சேற்றில் நடப்போம், நானும் பக்கத்து வீட்டுக்காரியும். அவள் ஆஸ்பத்திரி ஆயா. உருது பேசுகிறவள், என்னைவிட நாலு வயது சின்னவள், என்னை அக்கா என்பாள். பல நாள் பாதி தூரத்திலேயே பஸ் எங்களைத் தாண்டிவிடும். ஜன்னலில் உட்கார்ந்திருப்பவர்கள் எங்களைப் பார்ப்பார்கள். அந்தப் பார்வை இருக்கிறதே, அதை விடுங்கள்.

இரண்டு லேட் விழுந்தது. சூப்பர்வைசர் கூப்பிட்டு, பர்மனென்ட் பட்டியல் போடும் நேரம், மூன்றாவது விழுந்தால் உன் பெயர் அதில் இருக்காது என்றார்.

டிப்போவுக்கு மனு கொண்டுபோனோம். முப்பது வீட்டுக் கையெழுத்து. இதே அதிகாரிதான் வாங்கிப் படித்தார். படித்துவிட்டு, "ஸ்டாப் தக்கரே இல்லு தீஸ்கோண்டி, அம்மா" என்றார். ஸ்டாப் பக்கத்திலேயே வீடு பார்த்துக்கொள்ளுங்கள் என்று அர்த்தம். பக்கத்தில் இருந்த கிளார்க் சிரித்தார். யாரும் கேட்காமலே கொடுத்தவர் இவர்தான்.

ஒரு நாள் ஆட்டு மந்தை குறுக்கே வந்து பஸ் எங்கள் காலனி முன்னால் தானாக நின்றது. ஓடிப்போய்த் தொற்றிக்கொண்டோம். ஏன் அண்ணா தினமும் நிறுத்தக் கூடாது என்று டிரைவரிடம் கேட்டேன். "போர்டு நை சோ ஜகா பே கைக்கு ரோகூம், அம்மா?" என்றார். போர்டு இல்லாத இடத்தில் எதற்கு நிறுத்தணும்? நியாயமான கேள்வி. அப்படியானால் போர்டு இருந்தால் போதும்.

பக்கத்து வீட்டுக்காரியின் கணவர் கேட், ஜன்னல் வெல்டிங் செய்கிறவர். பழைய குழாயில் கம்பம் செய்து மேலே தகடு ஒட்டிக் கொடுத்தார். தகட்டுக்கு மஞ்சள் பெயின்ட் அடித்தோம். ஆங்கிலத்தில் நான் எழுதினேன். உருதுவில் அவள் எழுதினாள். தெலுங்கு வரியையும் நானே எழுதினேன். தெலுங்கு எனக்குப் பேச நன்றாக வரும், தெருவில் கற்றது. எழுத்து, சினிமா போஸ்டரையும் பஸ் போர்டையும் பார்த்துக் கற்றது. என் வீட்டுக்காரர் பட்டான்செருவில் ஷிப்ட் முடித்து வந்து பார்த்துவிட்டு, "கம்பம் நட்டா அப்புறம் கம்பி எண்ணணும்டி" என்றார். சொன்னாரே தவிர, குழி தோண்டியதும் அவர்தான். ஞாயிற்றுக்கிழமை பட்டப்பகலில், எல்லாரும் பார்க்க நட்டோம்.

நட்ட பிறகு எதிர்வீட்டுத் தெலுங்குக்காரர் வந்தார். போர்டைப் படித்தார். படியில் உட்கார்ந்து சிரித்தார்.

விஷயம் இதுதான். பஸ் இங்கே நிற்கும் என்பதைத் தெலுங்கில் 'ஆகுனு' என்று முடிக்க வேண்டும். அதில் வரும் 'கு', நாம் 'அங்கு' என்னும்போது வருகிற கு. இலை என்கிற ஆகுவில் வருவது 'குதிரை'யில் வருகிற கு. நமக்கு இரண்டுக்கும் ஒரே எழுத்து. தெலுங்கில் தனித்தனி எழுத்து. நான் தமிழ்ப் பழக்கத்தில் குதிரைக் குவைப் போட்டுவிட்டேன். பஸ் நிற்கும் என்று எழுதப்போய், பஸ்ஸை இலையாக்கிவிட்டேன்.

"பஸ்ஸு ஆகதம்மா, ஆகுலு ராலுதாயி" என்றார் அவர். பஸ் நிற்காது, இலைதான் உதிரும் என்று.

திருத்தலாம் என்றால் பெயின்ட் தீர்ந்துபோயிருந்தது. மறுநாள் காலை அப்படியே போய் நின்றோம். பஸ் வந்தது. டிரைவர் போர்டைப் பார்த்தார். நிறுத்தினார். கண்டக்டர் எட்டிப் படித்துவிட்டு, "ஆகுலந்தா எக்கண்டி" என்று கத்தினார். இலையெல்லாம் ஏறுங்கள் என்று. பஸ்ஸே சிரித்தது. சிரிக்கட்டும், நின்றதல்லவா. அதன் பிறகு அந்த எழுத்தை நான் தொடவில்லை. நின்ற பஸ்ஸை யார் கலைப்பது? ஒரே வாரத்தில் கண்டக்டர்கள் எல்லாரும் "ஆகு, ஆகு" என்று எங்களை இறக்கிவிட்டார்கள்.

ஒரு மாதம் போனது. ஒரு நாள் காலை ஐந்தரைக்கு டிப்போ ஜீப் வந்து நின்றது. கடப்பாரையோடு இரண்டு பேர் இறங்கினார்கள். பின்னால் இதே அதிகாரி.

"ஈ போர்டு எவரு பெட்டாரு?"

நான்தான் வைத்தேன் என்றேன்.

போர்டைப் படித்தார். என்னைப் பார்த்தார். "தெலுகு ராது, போர்டு பெடுதாரா?" என்றார். தெலுங்கே வராது, இதில் போர்டு வேறு வைக்கிறாயா என்று. என் பிழையை அன்றைக்கே, அந்த இடத்திலேயே அவர் படித்தார் என்பதை, வாசகர்களே, நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கடப்பாரைக்காரர்கள் நெருங்கினார்கள். பக்கத்து வீட்டுக்காரி டிபன் பையைத் தரையில் வைத்தாள். கம்பத்தை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டாள். "நக்கோ சாப். நை சோட்தூம்" என்றாள். விட மாட்டேன் என்று, சத்தமே போடாமல் சொன்னாள். நானும் போய்ப் பிடித்துக்கொண்டேன். பெண்கள் மேல் கை வைக்க அந்த இரண்டு பேருக்கும் மனசில்லை.

அப்போது ஐந்து ஐம்பது வந்தது. அதிகாரி நடுரோட்டில் நின்று போ, போ என்று கை காட்டுகிறார். பஸ் எங்கள் முன்னால் வந்து நின்றது. ஏன் நிறுத்தினாய் என்று டிரைவரிடம் பாய்ந்தார். டிரைவர் விரலை நீட்டினார். "போர்டு ஹை, சாப்." போர்டு இருக்கிறதே என்று.

அந்த வாரம்தான் எங்கள் கம்பெனியில் பட்டியல் போடுகிறார்கள். நான் ஏறினால் கம்பம் போகும். நின்றால் வேலை போகும். என்ன செய்வதென்று தெரியாமல் நின்றேன். அவள் என் கையைக் கம்பத்திலிருந்து விரல் விரலாகப் பிரித்தாள். "தும் சடோ அக்கா. மை பகட் கே டைர்தூம்" என்றாள். நீங்கள் ஏறுங்கள், நான் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

ஏறிவிட்டேன். அதை மறைக்கப்போவதில்லை. அவளுக்கும் அதே பஸ்தான். அவளுக்கும் டியூட்டிதான். பின் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். கம்பத்தைக் கட்டிக்கொண்டு அவள், எதிரே இடுப்பில் கை வைத்துக்கொண்டு அதிகாரி.

கொஞ்ச நேரத்தில் காலனிப் பெண்கள் எல்லாரும் வந்து சூழ்ந்துகொண்டார்களாம். போலீசோடு வருவேன் என்று சொல்லி ஜீப் திரும்பியது. வரவில்லை. கம்பம் நின்றது. பட்டியலில் என் பெயர் வந்தது. அவள் அன்று பத்து மணிக்கு ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்து, ஆப்சென்ட் போட்டுத் திருப்பி அனுப்பப்பட்டு, அடுத்த ஒரு மாதம் யாரும் போக விரும்பாத வார்டில் வேலை பார்த்தாள். அதை அவள் சொல்லவில்லை. அவள் கணவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

போன மாத விழாவுக்கு முந்தின நாள் எங்கள் கம்பத்தைப் பிடுங்கி எடுத்துக்கொண்டு போனார்கள். இப்போது சிமெண்ட் நிழற்குடை, மேலே அழகான எழுத்தில் 'ஆகு ஸ்டாப்'. என் பிழையைப் பெயராக்கி, அதற்கு ஒரு வெற்றிலைத் தோட்டமும் போட்டுவிட்டார்கள். அவள் கூட்டத்தின் கடைசியில் டிபன் பையோடு நின்றிருந்தாள். "பான் கா பாக் தா கதே, அக்கா" என்று என் காதில் சொல்லிச் சிரித்தாள். வெற்றிலைத் தோட்டம் இருந்ததாம். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இன்றைக்கும் கண்டக்டர் "ஆகு" என்று கத்தும்போது, என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்த அந்தக் கைதான் எனக்கு ஞாபகம் வருகிறது. நான் வாங்குகிற ஒவ்வொரு மாதச் சம்பளமும் அந்தக் கை பிரித்துக் கொடுத்தது. அதிகாரி ஐயா, இந்தப் பத்திரிகையைத் தமிழ் தெரிந்த யாரையாவது விட்டுப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். பிறகு அதே நிழற்குடையின் கீழ், அதே மைக்கில் பதில் சொல்லுங்கள்: அன்று காலை நீங்கள் பார்த்துக்கொண்டிருக்க, அந்தக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றது யார்?