பிள்ளைப்பாக்கம் தாண்டி பிக்கப் இல்ல

காலி ஸ்டாப்பு

வல்லக்கோட்டை ஸ்டாப்புல பஸ் வந்து நின்னுச்சு, ஏற ஒரு ஆள் இல்ல. தினம் காலைல அங்க டிஃபன் பையும் கையுமா ஒரு கூட்டமே நிக்கும். அன்னிக்கு ஒரு நாய் மட்டும் படுத்துகினு இருந்துச்சு. அடுத்த ஸ்டாப்பு காலி. அதுக்கு அடுத்ததும் காலி.

நான் ஒரகடத்துல கார் சீட்டு தைக்கிற கம்பெனில ட்ரான்ஸ்போர்ட் டெஸ்க் பாக்கறேன். பஸ் ஒழுங்கா வந்தா நான்னு ஒருத்தன் இருக்கறதே யாருக்கும் தெரியாது. வரலன்னா என் நம்பர் எல்லாருக்கும் மனப்பாடம். அன்னிக்கு மொத போன் யாரும் திட்டறதுக்குப் போடல. பஸ்ஸ ஓரங்கட்டிட்டு டிரைவர் ஏழுமலை அண்ணனே போட்டாரு.

"இன்னா தம்பி, இன்னிக்கு கம்பெனி லீவா? எனக்கு மட்டும் சொல்லலியா?"

ஒரு மெசேஜ், ரெண்டு காது

நடந்தது இதான். பிள்ளைப்பாக்கம் வரைக்கும் வண்டி நல்லா வந்துகினு இருந்துச்சு. அதத் தாண்டினதும் ஆக்ஸிலேட்டர எவ்ளோ மிதிச்சாலும் இழுக்கல. அண்ணன் வண்டிய நிறுத்திட்டு எங்க ரூட்டு க்ரூப்புல ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டாரு: "தம்பி, பிள்ளைப்பாக்கம் தாண்டி பிக்கப் சுத்தமா இல்ல." அவ்ளோதான். போன பாக்கெட்ல வெச்சிட்டு வண்டிய எடுத்துட்டாரு.

எனக்குன்னு சொன்னாரு. ஆனா க்ரூப்புல இருக்கறது ரூட்டு மொத்தமும். பிள்ளைப்பாக்கத்துக்கு அந்தாண்ட நிக்கறவங்க எல்லாம் அதக் கேட்டாங்க. கொஞ்ச பேரு ஷேர் ஆட்டோ தேடிப் போயிட்டாங்க, மிச்ச பேரு வூட்டுக்கே திரும்பிட்டாங்க. இங்க தையல் லைன்ல பாதி மெஷின் சும்மா கெடக்குது, அங்க கார் கம்பெனிக்காரன் சீட்டு எங்கன்னு கேட்டுகினு கீறான்.

ஆட்டோ புடிச்சி லேட்டா வந்து எறங்குன கஸ்தூரி அக்காகிட்ட, அது இஞ்சின் பிக்கப் அக்கா, வண்டி இழுக்கலன்னு சொன்னாருன்னு விளக்கினேன். அக்கா என்ன ஏற எறங்க பாத்துச்சு.

"பிக்கப் இல்லன்னா பஸ் வராதுன்னு தான்டா அர்த்தம், பஸ்ஸுக்கு மூச்சு வாங்குதுன்னு நான் இன்னா கனவா கண்டேன்?"

மூணாவது பிக்கப்

இருங்க, கேட்ல கூப்புடறாங்க.

வந்துட்டேன். எங்க ஹெச்.ஆர். மேடம் கோயம்புத்தூர் சைடு, குரல் ஒசத்தவே மாட்டாங்க, அதான் பயமே. சாயங்காலத்துக்குள்ள டிரைவர மாத்தணும்னு பஸ் ஓனருக்கு மெயில் போட்டுட்டாங்க. ஓனர் எனக்கு போன் பண்ணி, மாத்தறதுன்னா வேற ரூட்டு கெடயாது தம்பி, சாவிய வாங்கி வெச்சிடுவேன்னாரு. ஏழுமலை அண்ணன் எங்க ரூட்டுல ஓட்ட ஆரம்பிச்சதுலருந்து ஒரு நாள் சடன் பிரேக் போட்டு நான் பாத்ததில்ல. அவரு பஸ்ல பொண்ணுங்க நின்னுகினே கண்ணுக்கு மை போடுவாங்க, கோணாது. அந்த மனுஷன வூட்டுக்கு அனுப்பறதா?

ஓடிப்போய் மேடம்கிட்ட, அவரு சொன்னது இஞ்சின் பிக்கப்பன்னு சொன்னேன். அவங்க போன எடுத்துக் காட்டுனாங்க. காலைல அண்ணனுக்கு அடிச்சிகினே இருந்திருக்காங்க, எடுக்கவே இல்ல. ஸ்டியரிங்ல கைய வெச்சா அவரு போனத் தொட மாட்டாரு மேடம், வண்டிய நிறுத்துனா தான் பேசுவாருன்னேன். அவங்க அமைதியா சொன்னாங்க:

"ஆளையும் பிக்கப் பண்ணலீங்க, போனையும் பிக்கப் பண்ணலீங்க, அப்புறம் எதுக்குங்க அவரு?"

வெறுங்கை

பஸ் எல்லா ஸ்டாப்புலயும் நின்னுச்சுன்னு சொல்ல ஒரு ஆள் வேணும். ஜெனிஃபர் ஞாபகம் வந்துச்சு. திருச்செந்தூர் பக்கத்துலருந்து வந்து ஸ்ரீபெரும்புதூர் ஹாஸ்டல்ல தங்கியிருக்கற ட்ரெய்னி. மொத ஸ்டாப்புல ஏறுற பொண்ணு, காலைல பஸ்ஸுக்குள்ளயே தான் இருந்துச்சு. சேந்து கொஞ்ச நாள்லயே டபுள் தையல் போடுது. "வேலைய அப்டியே பிக்கப் பண்ணிகிச்சு"ன்னு சூப்பர்வைசர் சொல்லாத ஆளு இல்ல.

நான் இருந்த அவசரத்துல நேரா லைன்ல போயி, மெஷின் சத்தத்த தாண்டி கேக்கணுமேன்னு கத்தினேன்: "சார், ஜெனிஃபர கொஞ்சம் பிக்கப் பண்ணிக்கவா?" கரெக்டா அப்போ டீ டைம் பெல் அடிச்சி மெஷின் எல்லாம் நின்னுச்சு. லைன் மொத்தமும் என்னயே பாக்குது. சூப்பர்வைசர் தலையக் குனிஞ்சிகினு சிரிக்கறாரு. ஜெனிஃபர் மட்டும் சிரிக்கல. கத்திரிக்கோல வெச்சிட்டு எழுந்து வந்துச்சு.

"பிக்கப் பண்ண வாறவிய பஸ்ஸோட வரணும்ணே, இப்படி வெறுங்கைய வீசிட்டா வருவாவ?"

மேம்பாலம்

மேடம் ரூம்ல அந்தப் பொண்ணு பயப்படாம சொல்லுச்சு. பஸ் ஒவ்வொரு ஸ்டாப்புலயும் நின்னுது, ஆள் இல்லன்னாலும் கொஞ்ச நேரம் பாத்துட்டு தான் எடுத்தாருன்னு. மேடம் அந்த வாய்ஸ் மெசேஜ திரும்பப் போட்டுக் கேட்டாங்க. அப்புறம் எழுந்து, வாங்க பஸ்ஸ பாக்கலாம்னாங்க.

ஏழுமலை அண்ணன் பஸ்ஸுக்குப் பக்கத்துல நின்னுகினு இருந்தாரு. மெக்கானிக் இன்னும் வரல. "ஒக்காருங்க மேடம்"னு மட்டும் சொன்னாரு. நானும் பின்னாடியே ஏறிட்டேன்.

கேட்டத் தாண்டி ரோட்டுக்கு வர்றதுக்குள்ளயே வண்டி முக்க ஆரம்பிச்சிடுச்சு. மேம்பாலம் ஏறச்சொல்ல ஃபுல்லா மிதிச்சிகினு இருக்காரு, வண்டி நடக்குது. நெஜமாவே நடக்குது. கேன் தண்ணி கட்டுன டிவிஎஸ் ஒண்ணு எங்கள ஓவர்டேக் பண்ணுச்சு, ஓட்டுறவரு திரும்பிப் பாத்து பாவப்பட்டுட்டுப் போனாரு. மேடம் முன் சீட்டு கம்பிய புடிச்சிகினு இருந்தாங்க, தான் தள்ளிவுடற மாதிரி.

உச்சில வந்ததும் கேட்டாங்க, இந்த வண்டிய வெச்சிகிட்டா அத்தன ஸ்டாப்புலயும் நின்னீங்க? நிக்காம ஓட்டியிருந்தா ஓட்டத்துலயே கொஞ்சம் சீக்கிரம் வந்திருக்கலாம் இல்லீங்களா? எனக்கு அப்பதான் மண்டைல ஏறுச்சு. பிக்கப் இல்லாத வண்டிய நிறுத்தறது பெருசில்ல, நின்ன வண்டிய மறுபடி கெளப்பறது தான் கொடும. மூச்சு தெணறி, கிளட்ச் வாட வந்து, பின்னாடி லாரிக்காரன் ஹார்ன் அடிச்சி. அதத்தான் அவரு ஆளே இல்லாத ஒவ்வொரு ஸ்டாப்புலயும் பண்ணிகினு வந்திருக்காரு. அண்ணன் ரோட்டுலருந்து கண்ண எடுக்காம சொன்னாரு:

"ஆள் நிக்கற எடம் மேடம், ஓடியாறவங்க யாராச்சும் இருந்தா?"

சாயங்காலத்துக்குள்ள மேடம் ரெண்டாவது மெயில் போட்டாங்க. டிரைவர் அவரே, பஸ்ஸ மட்டும் மாத்துங்கன்னு. பஸ் மாறிடுச்சு, அண்ணன் மாறல. எங்க க்ரூப்புல தான் அந்த வார்த்தைக்கு தடை, பிக்கப்னு ஒத்த ஆளு பாத்துகினு இருந்த வேலைய இப்ப ஏத்தறது, எடுக்கறது, இழுக்கறதுன்னு மூணு பேரு ஷிஃப்ட் போட்டு பாக்கறாங்க.