துரையின் ஜீப்பு

எண்பதுகளின் நடுவில் எங்கள் பழைய ரப்பர் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றார்கள். ஸ்டோருக்குப் பின்னால் லாலான் புல்லுக்குள் கிடந்த, தோட்டத்தை நடத்திய துரையின் ஜீப்பும் பழைய இரும்போடு விலைக்கு வந்தது. அதை நான் வாங்கி, லோரியில் ஏற்றி, ஈப்போ பக்கத்துக் குனோங் ராபாட்டில் எங்கள் வரிசை வீட்டு வாசலில் இறக்கினேன். டயர் இல்லை, சீட்டு இல்லை, எஞ்சினுக்குள் எலிக் குடும்பம்.

"மாப்ள, இத இரும்புக்கடைக்காரனே வேணான்னுருவான் லா" என்றார் மச்சான். என் மனைவியின் அண்ணன் அவர். ஈப்போவில் ஒரு லோரிப் பட்டறையில் வேலை பார்த்தவர். நான் தண்ணீர்க் குழாய் மாட்டுகிறவன். மோட்டார் சைக்கிளைத் தவிர எதையும் பிரித்துப் பார்த்தவனில்லை. ஆனாலும் பிடித்தால் பிடித்ததுதான், கோபமும் அப்படித்தான்.

அம்மா வாசலுக்கு வந்து ஒரு முறை பார்த்தார். "இத எதுக்குடா கொண்டாந்த?" என்று மட்டும் கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

எதற்கென்று அவருக்குத் தெரியும். எழுபதுகளின் தொடக்கத்தில், நான் பள்ளிக்கூடத்தில் இருந்த ஒரு காலையில், பால் வடிய ரப்பர் மரம் வெட்டிக்கொண்டிருந்த அப்பாவைப் பாம்பு கடித்தது. உடனே ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னார் தோட்டத்தில் வைத்தியம் பார்க்கும் டிரெஸ்ஸர். தோட்டத்தில் இருந்தது ஒரே ஜீப்பு. அம்மா ஆபீசுக்கு ஓடினார். "கியர்பாக்ஸ்ல பல்லு ஒடஞ்சிருச்சு, ஜீப்பு ரோசாக், ஓடாது" என்றார் ஆபீஸ் கணக்கு எழுதும் கிராணி. ரப்பர் பாலை நிறுத்து முடிகிறவரை காத்திருந்து, பால் லோரியில்தான் அப்பாவை ஏற்றினார்கள். பாதி வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது.

நான் வளர்ந்த காலமெல்லாம் அம்மா இதைச் சொல்லும்போது ஒரே மாதிரிதான் முடிப்பார்: "ஜீப்பு கெட்டுப்போச்சு. அவங்க மட்டும் என்ன செய்வாங்க?" யார் மீதும் பழி இல்லை. என் நெஞ்சு கொதிக்கும்போதெல்லாம் அந்தப் பேச்சைக் கேட்டுத்தான் அடங்குவேன். ஓர் இரும்புப் பல்லோடு யார் சண்டை போட முடியும்? அதனால் அந்தப் பல்லையே சரி செய்வதென்று முடிவெடுத்தேன். வண்டியை ஓட வைத்து, அம்மாவை முன்சீட்டில் உட்கார வைத்து, அன்றைக்குப் போய்ச் சேராத ஆஸ்பத்திரி வாசல் வரை ஓட்டிப்போக வேண்டும். வேறு ஆசை எனக்கு இல்லை.

ஞாயிற்றுக்கிழமைகள் அதற்கே போயின. துருவைச் சுரண்டினேன், பிரேக் குழாய்களை மாற்றினேன், கையைக் கிழித்துக்கொண்டேன். மச்சான் திட்டித் திட்டிக் கற்றுக்கொடுத்தார். எஞ்சின் ஒரு நாள் இருமி, புகையைக் கக்கி, கிளம்பியபோது பக்கத்து வீட்டுச் சீனக்கிழவர் கை தட்டினார். அம்மா வெளியே வரவில்லை. கியர்பாக்ஸை இறக்கப் போகிறோம் என்றதும்தான் வந்தார்.

"அத ஏன்டா தொடுற? ஓடுனா அப்படியே விட்ரு."

நான் கெடுத்துவிடுவேன் என்று பயப்படுகிறார் போலிருக்கிறது என்று சிரித்துக்கொண்டேன்.

இறக்கினோம். மேலே அப்பியிருந்த எண்ணெய் மண்ணை மச்சான் உளியால் பெயர்த்தார். பிறகு போல்டுகளை ஒவ்வொன்றாகத் துடைத்தார்.

"மாப்ள, இங்க பாருங்க. கம்பெனியில அடிச்ச பெயிண்டு போல்டு மேல அப்படியே இருக்கு. பொறந்ததுலேருந்து இதுல ஸ்பானரே படல."

திறந்தோம். பல்சக்கரங்கள் தேய்ந்திருந்தன, அவ்வளவுதான். புதுச்சக்கரம் எதுவும் போட்டிருக்கவில்லை. அந்தக் கிராணி ஓய்வு பெற்று எங்கே இருக்கிறார் என்பது எனக்குத் தெரியும். ஸ்பானரைக் கையில் வைத்துக்கொண்டு எழுந்தேன். கதவருகில் அம்மா நின்றிருந்தார்.

சட்டென்று வாயில் வந்ததைச் சொன்னேன்: "ஆமாம்மா, பல்லு ஒடஞ்சுதான் இருந்திருக்கு. மாத்தியிருக்காங்க."

"பொய் சொல்லாத" என்றார் அம்மா. அழவில்லை. "ஒங்கப்பாவத் திருப்பிக் கொண்டாந்தோம்ல, அப்ப எதுக்க வந்துச்சு இந்த ஜீப்பு. தொரையும் தொரசானியும் டவுனுக்குப் போனாங்க. தொரை வண்டி வந்தா ஒதுங்கணும்ல. பால் லோரிய ஓரங்கட்டி நிப்பாட்டுனான் டிரைவரு. ஒங்கப்பா தல என் மடியில. தூசியக் கெளப்பிக்கிட்டுப் போச்சு."

"இத்தன வருசமா தெரிஞ்சுகிட்டே ஏம்மா..."

"நீ கத்தி எடுத்துருவ. எனக்கு இருந்தது நீ ஒருத்தன்தான்." என் கையிலிருந்த ஸ்பானரை வாங்கி மச்சானிடம் கொடுத்தார். "சோறு ஆறுது, கைய கழுவிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

மச்சான் தலை நிமிராமல் பல்சக்கரங்களை ஒவ்வொன்றாக மண்ணெண்ணெயில் கழுவி, சாக்கின் மேல் வரிசையாக வைத்தார். ஒன்றில்கூட ஒரு பல் உடையவில்லை.