நான்காம் இரவின் சுத்தியல்

மெண்டல் சில்பர் மெல்பேர்னின் பலக்லாவாவில் சப்பாத்து திருத்துபவர். போலந்தில் பிறந்த யூதர். வதைமுகாமில் ஒரு காவலாளி துவக்குப் பிடியால் அவருடைய இடதுகை விரல்கள் இரண்டை நசுக்கிவிட்டான். மிச்ச எட்டு விரல்களால் பிழைத்தார். மனைவி ராகேல் இறந்தபின் பின்னறையை, படிக்க வந்த தமிழ் மாணவனான எனக்கு வாடகைக்குத் தந்தார்.

1976இல் யூதர்களின் விளக்குப் பண்டிகையான ஹனுக்கா டிசம்பர் பதினாறாம் திகதி மாலை தொடங்கியது. முந்திய ஆண்டு நவம்பர் கடைசியிலேயே வந்துவிட்டது. அவர்களுடைய மாதமும் சந்திரனைப் பார்த்தே நடக்கிறது. பழங்காலத்தில் அவர்களுடைய கோயிலில் ஒரு நாளுக்கே போதுமான எண்ணெய் எட்டு நாள் எரிந்த நினைவாக, இரவுக்கு ஒன்றாக மெழுகுவர்த்தி கூடும். மற்றவற்றைக் கொளுத்த மேலதிகமாக ஒன்று. தெருவில் போகிறவர்கள் காண யன்னலில் வைப்பார்கள். அவை எரியும் அரைமணி நேரமும் கையால் எந்த வேலையும் செய்வதில்லை என்பது ராகேலின் வழக்கம். அவள் போனபின் மெண்டல் அதைக் கைக்கொண்டார்.

நான்காம் இரவு அவர் யன்னலில் மெழுகுவர்த்திகளை நிறுத்திக்கொண்டிருந்தபோது, கண்ணாடியை உடைத்துக்கொண்டு வந்த செங்கல் அவருடைய நெற்றியைக் கிழித்தது. வெளியே பக்கத்துத் தெரு டெரி குடிவெறியில் நின்றான்.

"யூதனும் கறுப்பனும் ஒரே கூட்டுக்குள்ளயோ?"

மெண்டல் பாய்ந்தார். முதல் குத்திலேயே டெரியின் மூக்கு உடைந்தது. உள்ளே இழுத்து வந்து தோல்வாரால் கதிரையில் கட்டினார். அவனுடைய வலக்கையை மேசைமேல் விரித்து இறுக்கினார். சுத்தியலை எடுத்தவர் வெளியே இருட்டி, கொளுத்தும் நேரம் வந்துவிட்டதைக் கண்டார். இரத்தம் வழிய மெழுகுவர்த்திகளைக் கொளுத்திவிட்டு, சுத்தியலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"இது அணையட்டும். பிறகு உன்ர ரெண்டு விரல்."

"மிஸ்டர், பகிடிக்குத்தான் எறிஞ்சனான்!"

"எனக்கும் பகிடி விட வரும். பொறு."

எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். அந்த அரைமணி நேரமும் மூலையில் நின்று பார்த்ததைத் தவிர ஒன்றும் செய்யவில்லை. மெழுகுவர்த்திகள் ஒவ்வொன்றாக அணைந்தன. கடைசிச் சுடர் ஆடியது. டெரி சிறுநீர் கழித்துவிட்டான். எங்கள் வீட்டில் விளக்கைத் தானாக அணைய விடமாட்டார்கள், எண்ணெய் விடுவார்கள். என் கை பெட்டியிலிருந்து ஒரு புது மெழுகுவர்த்தியை எடுத்து அந்தச் சுடரில் பற்றவைத்தது. டெரிக்காகச் செய்தேனா, பழக்கத்தால் செய்தேனா, எனக்கே தெரியாது.

"மடையா! அது நாளைக்கு உரியதெடா!"

மெண்டல் எழும்பி என் வாயில் குத்தினார். பல் உதட்டைத் துளைத்தது.

பிறகு தன் கைமுட்டியைப் பார்த்தார். எரிந்துகொண்டிருந்த சுடரைப் பார்த்தார். "ராகேல்" என்றார். கதிரையில் விழுந்து, இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டார். சுத்தியல் நிலத்தில் கிடந்தது.

"நீ அவிட்டு விடு."

வாரை அவிழ்த்தேன். எழும்பிய டெரி என் அடிவயிற்றில் உதைத்துவிட்டுத்தான் ஓடினான். மெண்டல் அசையவில்லை. மெழுகுவர்த்தி இன்னும் பாதிகூட எரிந்திருக்கவில்லை.