எஸ்தருக்கு மைக் தேவைப்படவில்லை

தாமல் ஏரிக்கு அந்தப் பக்கம் ஒரு தனியார் கம்பெனி சிறைச்சாலை கட்டி நடத்தப்போகிறது என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து எஸ்தருக்குக் கால் தரையில் பாவவில்லை.

அவள் கணவன் டேனியல் வேலூர் சிறையில் இருக்கிறான். டீக்கடைத் தகராறில் அவன் பிடித்துத் தள்ளிய ஆள் பிழைக்கவில்லை. மனு போட்டு அவனைப் பார்க்க விடியலில் பஸ் ஏறினால் வீடு திரும்ப விளக்கு வைக்கும் நேரமாகிவிடும். அன்றைக்கு அவள் சேலை நெய்யும் தறி சும்மா கிடக்கும். சேலையின் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்றால் இரண்டு பேர் உட்கார்ந்து, ஊடிழை ஓட்டும் நாடாவை எறிய வேண்டும். ஒருத்தி இல்லாவிட்டால் மற்றவளுக்கும் வேலையில்லை. அந்த மற்றவள் எதிர்வீட்டுக் கிருஷ்ணவேணி.

"இங்கயே வந்துட்டா சைக்கிள்ல போய்ப் பார்த்துட்டு வந்துடுவேன்கா. அடுப்புல வெச்ச கொழம்பு ஆறாது."

"உனக்குக் கொழம்பு ஆறாது, எனக்குத் தூக்கம் வராது. வயசுப் பொண்ணை வெச்சுக்கினு இருக்கிறேன். கருத்துக் கேக்குற கூட்டத்துல வேணாம்னுதான் சொல்லுவேன்."

"சொல்லேன். நான் வேணும்னு சொல்றேன். இப்ப நாடாவை எறி."

கூட்டம் கல்யாண மண்டபத்தில். முந்தின நாள் முகூர்த்தத்துக்குக் கட்டிய வாழைமரம் வாசலில் அப்படியே நின்றது. பக்கத்து ஊர் திருப்புட்குழியிலிருந்தும் ஷேர் ஆட்டோவில் ஆட்கள் வந்து இறங்கினார்கள். ஏரிக்கரையில் நிலம் வைத்திருக்கும் துரைக்கண்ணு முதல் ஆளாக மைக்கைப் பிடித்தார்.

"சார், எங்க ஊர்ல எக்ஸ்பிரஸ் பஸ்ஸு நிக்கறதில்ல. கைதிங்களுக்காவது ஸ்டாப்பிங் உண்டா?"

மேடையில் இருந்த அதிகாரியே சிரித்துவிட்டார்.

அடுத்து கிருஷ்ணவேணி எழுந்தாள். "ஆளைப் பூட்டி வெச்சா லாபம்னு ஒருத்தன் கடை போட்டா, ஆள் கொறையறப்ப அவன் இன்னா சார் பண்ணுவான்? எங்க புள்ளைங்களைத்தானே பார்ப்பான்?"

மண்டபம் கைதட்டலில் அதிர்ந்தது. எஸ்தருக்கும் கை துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டாள்.

சிறை கட்டப்போகும் கம்பெனிக்காரர் மேடையிலிருந்து இறங்கி வந்தார். "நீங்க பயப்படவே வேண்டாம். கைதிகளைப் பார்க்க வெளியாள் ஒருத்தர்கூட உங்க ஊருக்குள்ள வரமாட்டாங்க. எல்லாம் வீடியோ கால். அவங்கவங்க வீட்ல இருந்தே செல்போன்ல பேசிக்கலாம்."

இதற்கும் கைதட்டினார்கள். மைக் எங்கோ கடைசி வரிசையில் இருந்தது. எஸ்தர் அதற்குக் காத்திருக்கவில்லை. வேலூர் சிறையில் மனு போட்டுக் கைதிகளைப் பார்க்கும் இடத்தில் இந்தப் பக்கம் ஒரு வரிசை, கம்பிவலைக்கு அந்தப் பக்கம் ஒரு வரிசை, எல்லோரும் ஒரே நேரத்தில் கத்துவார்கள். அங்கே பழகிய தொண்டை.

"அப்ப நேர்ல பார்க்க முடியாதா?"

கைதட்டல் நின்றது.

"நேர்ல தேவையே இல்லம்மா. அதுதான் வசதி."

"யாருக்கு வசதி? ஏரிக்கு அந்தாண்ட என் ஊட்டுக்காரரு, இந்தாண்ட நானு. நடுவுல செல்போனா? அதுக்கு அவரு வேலூர்லயே இருக்கட்டும். அங்க கம்பிக்குப் பின்னாடியாவது முழுசா நிக்கறாரு. இளைச்சிருக்காரா, காலைத் தாங்கி நடக்கறாரான்னு பார்த்துக்கறேன். எனக்கு இந்த ஜெயிலு வேணாம் சார்!"

பதிவு செய்ய வேண்டும், பெயரும் ஊரும் சொல்லுங்கள் என்றார் அதிகாரி. எஸ்தருக்கு மூச்சு வாங்கியது. கிருஷ்ணவேணி நாற்காலியை இடித்துக்கொண்டு எழுந்தாள்.

"எஸ்தர், தாமல்! ஒண்ணு விடாம எழுதுங்க சார்!"

"மைக்செட்டுக்கு இன்னாத்துக்குப்பா வாடகை குடுத்தீங்க?" என்றார் துரைக்கண்ணு.

முடிவு இன்னும் வரவில்லை. அடுத்த தடவை எஸ்தர் வேலூர் போனபோது, தறி எப்படியும் சும்மாதானே என்று கிருஷ்ணவேணியும் பஸ் ஏறினாள். கம்பிவலைக்கு அந்தப் பக்கம் டேனியல் வந்து நின்றதும் எஸ்தர் கத்தினாள்.

"கூட்டத்துல பேசிட்டேன்யா! ஊரே கேட்டுச்சு!"

"இன்னா?"

"ஜெயிலு வேணாம்னுட்டேன்!"

"எது வேணாம்?"

"நேர்ல பாக்க உடமாட்டாங்களாம்பா, அதான்!" என்று கிருஷ்ணவேணி கத்திப் பார்த்தாள். அவள் குரல் வலைவரைக்கும்கூடப் போகவில்லை. டேனியல் காதில் கையை வைத்துக்கொண்டு சிரித்தான். எஸ்தர் அவனைத் தலையிலிருந்து கால்வரை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். இளைத்திருக்கவில்லை.