அந்தாண்ட அப்பா, இந்தாண்ட நாங்க

மெழுகுவத்தியை ஊதி அணைச்சதும் ஒரு வாசனை வரும் பாருங்க… கருகின திரியும் மெழுகும் கலந்து. இன்னிக்கும் கரண்ட் போன அன்னிக்கு அந்த வாசனை வந்தா, எனக்கு ஒம்பது வயசு ஆயிடுது.

(நான் சொல்லச் சொல்ல எம்பொண்ணு டைப் பண்றா. தப்பு இருந்தா அவளைத் திட்டுங்க.)

நாங்க இலங்கையில மன்னார் பக்கம். சண்டையில வீடு போயி, போட்டுல ராமேஸ்வரம் வந்து, அப்பாவுக்குத் தெரிஞ்சவரு பாண்டியில இருக்காருன்னு பஸ் ஏறி வந்தோம். வந்து பாத்தா அந்த வீட்டுல வேற யாரோ இருக்காங்க. அப்பா, அம்மா, நான், கைக்குழந்தையா என் தங்கச்சி… நாலு பேரும் பஸ் ஸ்டாண்டுலயே படுத்தோம்.

அங்க எங்களைப் பாத்துட்டுதான் கன்னியாஸ்திரீ சிஸ்டருங்க அவங்க ஹோமுக்குக் கூட்டிக்கிட்டுப் போனாங்க. ஆனா அது பொம்பளைங்களுக்கும் பிள்ளைங்களுக்கும் மட்டும். ஆம்பளைங்க கேட்டுக்குள்ளயே வரக்கூடாது. நியாயந்தான், உள்ள இருந்தவங்க பாதிப்பேரு புருசங்கிட்ட அடி தாங்காம ஓடி வந்தவங்க.

அப்பா பெரிய மார்க்கெட்டுல காய் மூட்டை தூக்கிட்டு, அங்கியே படுத்துக்குவாரு.

அந்த ஹோம்ல காலையில வெல்லம் போட்டு ரவைக் கஞ்சி குடுப்பாங்க. அந்த ருசியில நானும் எத்தனையோ தடவை வெச்சுப் பாத்துட்டேன்… வரவே மாட்டேங்குது. சரி, கதைக்கு வரேன்.

நாங்க நாலு பேரும் ஒண்ணா இருந்த ஒரே எடம், சர்ச்சுல காலைப் பூசை. அங்க யாரு வேணா வரலாம்ல. ஆனா அப்பல்லாம் ஆம்பளைங்க ஒரு பக்கம், பொம்பளைங்க ஒரு பக்கம் உக்காரணும். அப்பா அந்தாண்ட தூணோரம் உக்காருவாரு. நாங்க பிள்ளையார் கும்புடறவங்க. எப்ப எழுந்திருக்கணும், எப்ப முட்டி போடணும்னே தெரியாது. முன்னாடி இருக்கறவங்களைப் பாத்து பாத்து செய்வோம். பூசை முடிஞ்சதும் மெழுகுவத்தியெல்லாம் அணைப்பாங்க, அந்த வாசனைதான் நான் மொதல்ல சொன்னது.

அந்தச் சர்ச்சு… யப்பா! மேல பாத்தா கழுத்து வலிக்கும். கலர் கண்ணாடி வழியா வெயில் வந்து அப்பா மேல செவப்பா விழும். கொஞ்ச நேரத்துல பச்சையாயிடும். சாமியே எறங்கி வந்து எங்கப்பாவுக்குக் கலர் அடிக்கிறாருன்னு வாயைப் பொளந்துக்கிட்டுப் பாப்பேன்.

எப்பம்மா வீட்டுக்குப் போவோம்னு கேட்டா, அம்மா மேல கையைக் காட்டுவா.

"நாலு பேரும் ஒரு கூரைக்குக் கீழதானே இருக்கிறம்? இப்போதைக்குச் சாமி இதைத் தந்திருக்கிறார்."

அப்பா வீடு கேக்காத தெரு இல்ல. வாயைத் தொறந்ததும், "பேச்சு ஒரு மாதிரி இருக்கே, சிலோனா?"ம்பாங்க. கதவு சாத்திடும். ஹோம்லயும் மூணு மாசந்தான் வெச்சிருப்பாங்க. அதுக்கப்புறம் எங்க போறது?

பூசையில ஒரு எடத்துல, ஒருத்தருக்கொருத்தர் சமாதானம் சொல்லிக்கங்கன்னு ஃபாதர் சொல்லுவாரு. எல்லாரும் பக்கத்துல இருக்கறவங்களைப் பாத்துக் கும்புடுவாங்க. எங்கம்மா என்ன புரிஞ்சிக்கிட்டாளோ… நேரா அந்தாண்ட திரும்பி அப்பாவைக் கும்புடுவா. அவரும் அங்கேருந்து கும்புடுவாரு. தெனமும்.

அதை மதாம் பாத்துட்டாங்க. எல்லாரும் அவங்களை அப்படித்தான் கூப்புடுவாங்க. வீட்டுக்காரரு பிரெஞ்சுப் பட்டாளத்துல இருந்து செத்தவரு, பிள்ளைங்க பிரான்சுல. மழை இருக்கோ இல்லையோ, கையில கொடை இருக்கும். ஒரு நாள் பூசை முடிஞ்சு வாசல்ல சிஸ்டரைப் புடிச்சிக்கிட்டாங்க.

"சிஸ்டர், இந்தப் பொம்பளை ஒரு வாரமா பூசை நேரத்துல ஒரு ஆம்பளையைப் பாத்துக் கும்புடு போடறா. பிள்ளைங்களை வேற பக்கத்துல வெச்சிக்கிட்டு!"

"யாரைம்மா?"

"தோ, தூணாண்ட நிக்கிறானே, நீலச் சட்டை."

அம்மா தலையே நிமிரல. "அவர் என்ர மனுசன், அம்மா. இந்தப் பிள்ளையளின்ர அப்பா."

"புருசனா? வீட்டுல பாக்காதவளாட்டம் இங்க வந்து என்னடி பார்வை?"

"வேற இடத்தில பார்க்க எங்களுக்கு வீடில்லையம்மா."

மதாம் கொடையை ஊனிக்கிட்டுப் போயிட்டாங்க. ஹோமை விட்டு அனுப்பிடுவாங்களோன்னு அம்மாவுக்கு அன்னிக்கெல்லாம் சோறு எறங்கல.

மறுநாள் பூசை முடிஞ்சதும் மதாம் விறுவிறுன்னு ஆம்பளைங்க பக்கம் போயி, அப்பா தோள்ல கொடையால தட்டினாங்க.

"ஏம்ப்பா நீலச் சட்டை, பூட்டு ஒடைக்கத் தெரியுமா?"

அவங்க வீட்டுக்குப் பின்னாடி ரெண்டு ரூமு. பிள்ளைங்க பிரான்சு போனப்போ சாத்தினது, சாவி எங்கன்னே தெரியல. அப்பா பூட்டை ஒடைச்சாரு. உள்ள புறா கூடு கட்டியிருந்துச்சு.

"எல்லாரையும் கூட்டிட்டு உள்ள வா."

அப்பா தடுமாறிட்டாரு. "அம்மா… நாங்கள் ஆரெண்டே உங்களுக்குத் தெரியாதே…"

"ஒரு வாரமா பூசையைப் பாக்காம உங்களத்தான பாத்துக்கிட்டிருந்தேன். தெரியாம என்ன?"

அன்னிக்கு சாப்புட உக்காந்தப்போ நாங்க மூணு பேரும் ஒரு செவுத்தோரம், அப்பா எதிர் செவுத்தோரம். பழக்கதோசம்! அம்மாதான் சிரிச்சிக்கிட்டே தட்டை எடுத்துக்கிட்டுப் போயி அவரு பக்கத்துல உக்காந்தா. வருசம் எவ்வளவோ ஆச்சு… அந்த மதாமை எங்ககிட்ட யாரு அனுப்பி வெச்சாங்கன்னு நெனச்சா இன்னும் எனக்குப் புல்லரிக்குது.

மதாமும் இல்ல, அப்பாவும் இல்ல இப்போ. தங்கச்சி கல்யாணமாயி தூரத்துல இருக்கா. போன ஞாயித்துக்கெழமை அம்மாவை அந்தச் சர்ச்சுக்குக் கூட்டிக்கிட்டுப் போனேன். இப்பல்லாம் குடும்பமா சேந்தே உக்காருறாங்க. எங்களுக்கு முன்னாடி ஒரு சின்னப் பொண்ணு, புருசன் தோள்ல சாஞ்சு தூங்கியே போயிட்டா.

அம்மா அவங்களையே பாத்துக்கிட்டிருந்தா.

என்னம்மான்னு கேட்டேன்.

"ஒண்டுமில்ல… ரெண்டு பேரும் எவ்வளவு கிட்ட இருக்கினம், பார்."